ஐங்காயத் தழும்பும் அளவையும்

கத்தோலிக்க சமயத்துத் துறவோர் சிலர்க்கு, இயேசுநாதர் சிலுவையில் ஏற்ற கை, கால், விலா என்னும் ஐந்திடத்துக் காயங்களும் புறத்தே ஓர் ஏதுவுமின்றித் தோன்றிக் குருதி சொரிந்தன என்ப. 1224-ஆம் ஆண்டில் இத்தாலி தேயத்து லாவெர்னா மலையில் நோற்றிருந்த அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகளே இவருள் முதல்வராக எண்ணப்படுவர். இக்காயங்களை விஞ்ஞானம் விளக்க வல்லதோ, தெய்வச் செயலென நிறுவ வல்லதோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது. பிற சமயத்துப் பொருளாயினும், அற்புதம் எனப்படுவதொன்றை எவ்வளவையான் அளத்தல் வேண்டும் என்னும் வினா எல்லார்க்கும் பொதுவாகலின், இவ்வாராய்ச்சி நமக்கும் பயன்படும்.

முதற்கண் காட்சியளவையை நோக்குவாம். பெல்ஜிய தேயத்து லூயிஸ் லாத்தோ என்னும் கன்னிக்கு 1868 முதல் வெள்ளிக்கிழமைதோறும் குருதி வடிந்தது. வஞ்சம் அல்லது அற்புதம், இரண்டில் ஒன்றே என்றார் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் விர்ச்சோ. அந்நாட்டு மருத்துவப் பேரவையின் பொருட்டு ஆராய்ந்த வார்லோமோன் என்பார், அவள் கையைக் கண்ணாடிக் கூட்டினுள் இட்டு முத்திரை வைத்துக் காத்தவிடத்தும் குருதி வந்தமை கண்டார். கண்டும், அதனை அற்புதம் என்னாது, நரம்பினைப் பற்றியதோர் நோயென்றே 1875-இல் கூறினார். வஞ்சமின்மை ஒன்றே அற்புதத்தை நிறுவாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, சான் ஜொவான்னி ரொத்தோந்தோ என்னும் ஊரில் வாழ்ந்த பியோ அடிகளுக்கு 1918 செப்டம்பர் 20-இல் இக்காயங்கள் தோன்றின. 1919-இல் மருத்துவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக அவரைப் பார்த்தனர். ரொமனெல்லியும் பெஸ்தாவும் இயற்கை ஏதுக்களால் இது விளங்காது என்றனர். உரோமாபுரிப் பல்கலைக்கழகத்துப் பின்யாமியோ, தோல் நைந்த நோயாகத் தொடங்கித் தம்மையறியாத மனவூக்கத்தால் முற்றியது என்றார். கண்ட உடம்பு ஒன்று. கொண்ட துணிபு இரண்டு. 2007-இல் வெளிவந்த லுசாத்தோ என்னும் சரித்திர ஆசிரியரது நூல், அடிகள் மறைவாகக் கார்பாலிக் அமிலம் வேண்டிய செய்தியை எடுத்துக் காட்டிற்று. காயம் செய்தற்கு என்பார் ஒரு சாரார். ஊசி மருந்திடும் கருவியைத் தூய்மை செய்தற்கு என்பார் மற்றொரு சாரார். ஐயத்தை எழுப்புதற்கு அச்செய்தி போதும், துணிதற்குப் போதாது.

அனுமானம் இதனினும் சிறிது சேறலுண்டு. கைகளில் ஆணி மணிக்கட்டிலேயே அறையப்பட்டிருத்தல் கூடும் என்பர் ஆய்வாளர் பலர். தழும்பு பெற்றோர்க்கோ, ஓவியங்களிற் கண்டாங்குப் பெரும்பாலும் உள்ளங்கையிலே தோன்றுகின்றது. விலாக்காயம் பிரான்சிசுக்கு வலப்பக்கத்தும் பியோவுக்கு இடப்பக்கத்தும் கூறப்படுகின்றது. நிகழ்ந்த காயத்தின் படியாயின் இவ்வேறுபாடு ஏலாது. ஆகவே அவரவர் நெஞ்சிற் பதிந்த வடிவினையே உடம்பு தொடர்ந்தது எனக் கருதுதல் தகும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்று கொண்ட நமக்கு இது வியப்பன்று. புறத்தே அடியின்றித் தோலிற் குருதி கன்றும் நோயொன்றை 1955-இல் கார்டினர், டயமண்டு என்னும் மருத்துவர் விளக்கினர். மனத்துயரொடு அதற்குத் தொடர்புண்மை பின்னர்க் கூறப்பட்டது. எனினும் கன்றுதல் வேறு, பல்லாண்டு ஆறாது நிற்கும் புண் வேறு. அவ்விடைவெளி இன்னும் நிரம்பிற்றில்லை.

அற்றேல், பாவனையே காரணமெனின் அருளுக்கு இடமின்றாம் பிறவெனின், அற்றன்று. என்னை? குடத்திற்கு மண் முதற்காரணம்; தண்டசக்கரங்கள் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். மண்ணையும் சக்கரத்தையும் முற்ற ஆராய்ந்தவன் குயவன் இலன் என்று கூறுதற்கு உரியனல்லன். அவ்வாறே தோலும் நரம்பும் மனமும் ஆராய்ந்தார் அவற்றின் தொழிலையே கூறவல்லார். இனி, விளக்கம் காணாமையான் இறைவன் செயலே என்பாரும் பிழைத்தார்; நம் அறியாமை ஓர் அளவையாகாது. இன்று விளங்காதது நாளை விளங்கின், அதன்மேல் எடுத்த பத்தியும் உடன் விழும்.

அச்சபையார்தாமும் இவ்வெல்லையை ஒருவாறு உணர்ந்தனர். பியோவைப் பற்றிய நிகழ்ச்சிகள் இயற்கை கடந்தன என்பது தெளியப்படவில்லை என 1923-இல் உரோமைச் சபை அறிவித்தது. 1968-இல் அவர் இறந்தபொழுது தழும்பு காணப்படவில்லை என்ப. 2002-இல் அவரைப் புனிதரென நாட்டியதற்கு அடிப்படையாகக் கொண்டனவோ அவர்தம் ஒழுக்கமும், அவர் வேண்டுதலால் நிகழ்ந்தனவாக ஏற்ற நோய்நீக்கங்களுமேயன்றிக் காயங்களல்ல.

ஈண்டு நமக்கொரு கடப்பாடு உண்டு. பிற மதத்தார் அற்புதத்தை நரம்புநோய் என நகைத்து, நம்மவர் அற்புதத்தை வினாவின்றிக் கொள்ளுதல் நடுவுநிலைமையன்று. எந்நிறைகோலால் அவரை அளந்தோமோ அந்நிறைகோலையே நம்மில்லத்தும் தூக்குதல் வேண்டும். அதற்கு அஞ்சுவோமாயின், நாம் காப்பது மெய்ம்மையன்று, நம் பற்றே.

பியோ அடிகள் தம் காயங்களைக் கையுறையால் மறைத்தனர். நோவு நிற்பினும் புறத்தடையாளம் நீங்குக என்று இறைவனை வேண்டியதாக அவர் கடிதம் கூறும். அவர் முயற்சியால் எழுந்த மருத்துவசாலை 1956-இல் அவ்வூரில் திறக்கப்பட்டது. காயத்தின் காரணம் பற்றி மருத்துவர் இன்னும் வழக்கிடலாம். பிணியாளர்க்கு அவ்விடத்துக் கிடைத்த உதவி பற்றி வழக்கில்லை. அடியார் இயல்பினை யாண்டுத் தேடுதல் வேண்டுமென்பதை அறிஞர் ஆய்ந்து கொள்க.