வசந்தம் வராத மண்

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களை மார்ச் மாதம் வந்து கூப்பிடும். உறைந்த மண் இளகும். இலையுதிர் காலத்தில் பரப்பிவைத்த குதிரை லத்தி பனிக்காலத்தில் மெல்ல மக்கி, விதைக்குத் தயாராக இருக்கும். மலேசியாவின் செலாயாங்கில் எந்த மாதமும் நம்மைக் கூப்பிடுவதில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று டிகிரி தள்ளி இருக்கிறோம். மார்ச்சிலும் வெயில், செப்டம்பரிலும் வெயில். பிற்பகலானால் இடியும் மழையும். என்றைக்கு வேண்டுமானாலும் விதைக்கலாம் என்பதாலேயே நம்மில் பலர் விதைப்பதே இல்லை. சித்திரை பிறக்கட்டும், பிள்ளைகள் வளரட்டும், வேலையிலிருந்து ஓய்வு கிடைக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறோம்.

வசந்தம் போன்ற ஒன்று நமக்கும் இருந்தது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் இலை கொட்டும். சில வாரங்களில் மொட்டைக் கிளைகளில் செம்புநிறத் தளிர் கிளம்பும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த நாள்களில் பால் குறையும், பால் வெட்டுபவர்களின் வருமானமும் குறையும். தளிர் விடும் காலமே தோட்டத்துத் தமிழருக்குப் பஞ்ச காலம். அப்போது அடுப்பு எரிய உதவியது தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருந்த கொல்லை. குடும்பத்தோடு தங்கிய தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கைப் பயிருக்கோ மேய்ச்சலுக்கோ ஒதுக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஏறக்குறைய 2,700 சதுர அடி. எல்லாத் துரைமாரும் ஒழுங்காகக் கொடுத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கிடைத்த இடத்தில் முருங்கை, மரவள்ளி, கத்திரி, ஓரத்தில் ஒரு மாடு. கொட்டகைச் சாணம் அன்றன்றே கொல்லைக்குப் போனது. என் பாட்டி அதற்கு நாள் பார்த்ததே இல்லை.

இன்று எங்களுக்கு மாடு இல்லை, குதிரை இருக்கிறது. குவாங் பக்கம் நண்பர் ஒருவர், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரையைத் தன் நிலத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். வளர்ந்த குதிரை நாளைக்கு இருபது கிலோ அளவில் லத்தி போடும். மாட்டைப் போல அது அசைபோடுவதில்லை. நார் பாதி செரிக்காமலே வெளியே வரும், கூடவே புல் விதைகளும் உயிரோடு வரும். பச்சையாகக் கொட்டினால் வெண்டிப் பாத்தியில் புல்தான் மண்டும். குவித்து, ஈரம் பார்த்து, அவ்வப்போது கிளறி, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேற விட வேண்டும். அந்தச் சூட்டில் பெரும்பாலான விதைகள் சாகும். மழையில் சத்து கரைந்தோடாமல் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். இங்கே பெரிய வேலை அதுதான்.

அப்படிப் பக்குவமாக்கிய எருவும் இந்த மண்ணில் நெடுநாள் தங்காது. வெப்பத்தில் மட்கு விரைவாகச் சிதையும், மிஞ்சியதை மழை அடித்துக்கொண்டு போகும். ஆகவே கொஞ்சமாக, அடிக்கடி இட வேண்டும். ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு ஆண்டு முழுக்க நிம்மதியாக இருக்க முடியாது. அம்மாவைத் தீபாவளிக்கு மட்டும் போய்ப் பார்த்துக் கைநிறையக் கொடுத்துவிட்டு வருவதை இதோடு சேர்த்து நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அவருக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு தேநீர் நேரமாகவும் இருக்கலாம்.

வெள்ளீயம் தோண்டிச் செத்த மண், இதில் என்ன வரும் என்று எங்கள் பக்கத்தில் சிலர் சொல்வார்கள். அவர்களை நான் கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய்வரச் சொல்வேன். 1926-இல் பாக்ஸ்வர்த்தி என்ற வன ஆய்வாளர் அந்த இடத்தைத் தேர்ந்தபோது அதில் பெரும்பகுதி வெள்ளீயம் எடுத்துக் கைவிட்ட நிலமும் காய்கறித் தோட்டங்களும்தான். இன்று அங்கே கப்பூர் மரங்கள் உச்சியில் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதை மக்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். 2025-இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபிடமாக அறிவித்தது. மனிதர் கையால் நட்டு, ஆண்டுக்கணக்காக விடாமல் பார்த்துக்கொண்ட காடு அது.

நிலம் எங்கே என்று கேட்பவர்களின் வருத்தம் நியாயமானது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, நாம் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். ஆனாலும் நடைபாதை ஓரத்தில் பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் குவாங்குக்கு எரு கேட்டு வருகிறார்கள். நண்பர் காசு வாங்குவதில்லை, மூட்டையாகவும் கொடுப்பதில்லை. ஒரு சின்ன வாளிதான். தீர்ந்ததும் திரும்ப வர வேண்டும் என்பது அவர் போட்டிருக்கும் ஒரே நிபந்தனை.