கோபம் யாருடையது?

பாளையங்கோட்டை மார்க்கெட் முனையில் சைக்கிளில் வந்த பையன் ஒருவன் என் டிவிஎஸ் 50-க்குக் குறுக்கே பாய்ந்தான். எப்படியோ பிரேக் பிடித்துவிட்டேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. "சாரி சார்" என்று அவனும் சொல்லிவிட்டான். நான்தான் விடவில்லை. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்று கத்தினேன்.

அன்று பிளஸ் ஒன் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம். கரும்பலகையில் சிறுநீரகத்தை வரைந்து, அதன் தலையில் அட்ரினல் சுரப்பியைத் தொப்பி மாதிரி வைக்கும்போது சாக்பீஸ் ஒடிந்தது. காலையில் நடந்ததையே உதாரணமாக்கினேன். ஆபத்து என்று மூளை கண்டதும் நரம்பு வழியே சுரப்பியின் உட்பகுதிக்குச் செய்தி போகிறது. சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலந்து நெஞ்சு படபடக்கிறது. இன்னொரு செய்தி கைமாறிக் கைமாறி மெதுவாகப் போகும். ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் புறணிக்குச் சொல்லும், அங்கே கார்ட்டிசால் சுரக்கும். அது உச்சத்துக்கு வர இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ கோபம் சுரப்பியோட வேலைதானே சார்? அதைப் போய் ஏன் பாவம்ங்கிறாங்க?"

"பாடத்தைக் கவனி" என்றேன். பதில் தெரியாத வாத்தியார் வேறென்ன சொல்வார்?

பதிலின் ஒரு பாதி பிறகு ஒரு பழைய ஆய்வில் கிடைத்தது. 1924-இல் கிரெகோரியோ மாரன்யோன் என்ற ஸ்பெயின் மருத்துவர் 210 பேருக்கு அட்ரினலின் ஊசி போட்டுப் பார்த்தார். படபடப்பு வந்தது, நடுக்கம் வந்தது. ஆனால் பெரும்பாலோருக்கு அது உடம்பின் உதறலாகவே நின்றுவிட்டது. சிலர், "பயந்த மாதிரி இருக்கிறது" என்றார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இறந்துபோன பெற்றோரைப் பற்றிப் பேச்செடுத்தபோதோ, சிலருக்கு அந்த உதறல் நிஜத் துக்கமாக மாறியது. உதறலைச் சுரப்பி கொடுத்தது. அதைத் துக்கமாக்கியது நினைவு.

உடம்புக்கு நிறுத்தவும் தெரியும். சுரந்த கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப்போய், ஹைப்போதலாமஸிடமும் பிட்யூட்டரியிடமும் 'போதும்' என்கிறது. எதிர்மறைப் பின்னூட்டம் என்று பாடம் நடத்துவோம். ஆனால் அடங்கப் போகும் நேரம் பார்த்து அன்று நான் ஸ்டாஃப் ரூமில் கதையைத் தொடங்கினேன். நாலு பேருக்கு நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் சைக்கிளின் வேகம் கூடியது. ராத்திரி மனைவியிடம் சொல்லும்போது அந்தச் சைக்கிள் கிட்டத்தட்ட புல்லட்டாகியிருந்தது. என் நெஞ்சும் காலையில் போலவே அடித்துக்கொண்டது.

அம்மா கோபத்தை வேறு விதமாகக் கையாண்டாள். ராத்திரி சுவரில் சாய்ந்து செபமாலை சொல்வாள். லத்தீனில் செபமாலை சொன்னாலும் யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைகிறது, இதயத்தின் தாளம் சீராகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் எழுதினார்கள். அப்படியானால் செபம் மூச்சுப் பயிற்சிதானா? மூச்சுக்கு நடந்தது அதுவாகவே இருக்கட்டும். ஆனால் அம்மா மூச்சை எண்ணியதில்லை. குழாயடியில் எதிர்வீட்டுக்காரியோடு சண்டை வந்த அன்று, செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளை அவளுக்காக ஒப்புக்கொடுப்பாள். நான் பையனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். அம்மா அந்த எதிர்வீட்டுக்காரிக்காகப் பேசினாள். ஒரே உடம்பு, ஒரே சுரப்பி, கதை வேறு.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த முதல் உதறலுக்கு நான் பொறுப்பில்லை என்பதால் மாற்றிக்கொண்டேன். "சாமி, ஒரு பையனின் சைக்கிளை நாள் முழுக்க வேகமாக ஓட்டினேன்" என்றேன்.