காதோடு சொன்ன உண்மை

எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே உள்நோக்கிச் சரிகிறது. எஞ்சிய உட்கரு சிறியதென்றால் வெண்குறு விண்மீனாக அடங்கிவிடும். சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால் அப்படி அடங்க முடியாது, சரிவு தொடரும். கருந்துளைக்குப் போகும் வழி அது.

1930இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், 19 வயதில், சந்திரசேகர் இந்தக் கணக்கைத் தொடங்கினார். 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அதைக் கேலி செய்தார். அவை சிரித்தது.

எடிங்டன் சொன்னது பிழை. ஆனால் அதை எழுந்து நின்று, தன் பெயரில் சொன்னார். அதற்கு மறுமொழி சொல்லலாம். வோல்ஃப்காங் பௌலியோ கணக்கு சரியென்றே கருதினார். பொதுவில் சொல்ல முன்வரவில்லை. சங்கக் கூட்டத்தில் வாய்மூடி இருந்துவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் வந்து “நீங்கள் சொன்னதுதான் சரி” என்பவர்களை நமக்கும் தெரியும்.

சந்திரசேகர் வேறு ஆய்வுகளுக்கு நகர்ந்தார். 1983இல் நோபல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கேம்பிரிட்ஜில் எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளை ஆற்றியவரும் அவரே.

எதிர்த்தவரை மன்னிக்க வழி உண்டு. அவர் செய்தது ஏட்டில் இருக்கிறது. காதோடு மட்டும் ஒத்துக்கொண்டவரை எதற்காக மன்னிப்பது? அவர்தான் ஒன்றுமே செய்யவில்லையே.