செவிவழி புகுந்த செல்வன்

செவியே, நீ செய்த தவந்தான் என்ன! கண்ணுக்கு இமையுண்டு, வாய்க்கு இதழுண்டு, உனக்கோ கதவே இல்லை. அதனாலன்றோ துவாரகை மாயவன் உள்ளங்களைக் களவாட வரும்போதெல்லாம் உன் வழியாகவே புகுகின்றான்!

இக்காலத்துக் காதல் நாவல்களை ஒலிநூலாகக் கேட்டு உறக்கம் தொலைப்போர் பலர். நானும் அவர்களில் ஒருத்தி, மறைப்பானேன்? ஆயினும் ருக்மிணி கல்யாணத்தை ஒலிப்பதிவில் கேட்ட இரவில், அக்காதல்களெல்லாம் எந்தக் கடலின் திவலைகள் என்று தெரிந்துபோயிற்று. இயர்போனைச் செருகி விளக்கணைத்தேன். அம்மையார் ஒருவரின் முதிர்ந்த குரல் பாகவதச் சுலோகத்தைச் சொல்லி, தமிழில் அதன் பொருளை இதழிதழாய் விரிக்க, விதர்ப்ப தேசம் விரிந்தது, குண்டினபுரம் எழுந்தது, ஐந்து ஆண்மக்களைப் பெற்ற பீஷ்மக மன்னனின் ஒரே மகள், சௌந்தரியமே உருவான அந்தப் பேதை, என் எதிரே நின்றாள்.

கண்டாளா கண்ணனை? இல்லை! அரண்மனைக்கு வந்தோரெல்லாம் அவன் திருமேனியழகையும் திவ்விய குணங்களையும் பாடக் கேட்டாள். கேட்டாள், தன்னைக் கொடுத்தாள்! அண்ணன் ருக்மியோ சேதி நாட்டுச் சிசுபாலனுக்கு அவளை நிச்சயித்துவிட்டான். நாள் நெருங்குகிறது. நம்பிக்கைக்குரிய அந்தணர் ஒருவரைத் துவாரகைக்குத் தூதாக அனுப்புகிறாள்.

வந்த தூதரைக் கண்டதும் பொன்னாசனத்திலிருந்து இறங்குகிறான் எம்பெருமான். அவரை அமர்த்தி, உபசரித்து, அமுது செய்வித்து, களைத்த கால்களைத் தன் கையால் வருடுகிறான். ஆகா! மூவுலகும் அளந்த திருவடிக்கு உரியவன், அவள் காதலைச் சுமந்து நடந்த அடிகளைப் பிடித்துவிடுகிறான்! எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் சொல்லியனுப்பியது இன்னும் தொடங்கவே இல்லை.

ஏழே சுலோகம். அந்தணர் சொல்கிறார், கண்ணன் கேட்கிறான். கோடி கோடி உயிர்களின் காதில் குழலாய் ஒலித்தவன், இன்று தானே ஒரு செவியாகி அமர்ந்திருக்கிறான்! அவளும் முதலில் செவியைப் பற்றித்தான் பேசுகிறாள்: உன் குணங்கள் காதின் வழியே நுழைந்து என் அங்கதாபத்தை அணைத்தன, நாணம் விட்ட என் நெஞ்சம் உன்னிடம் வந்துவிட்டது என்கிறாள். சிங்கத்துக்குரியதை நரி தீண்டலாகாது என்கிறாள். திருமணத்துக்கு முந்தைய நாள் நகருக்கு வெளியே உள்ள அம்பிகை கோயிலுக்கு வருவேன், அங்கிருந்து என்னைக் கொண்டுபோ என்று இடமும் வேளையும் குறிக்கிறாள். வாராயேல் உயிர் துறப்பேன், நூறு பிறவி ஆனாலும் உன்னையே அடைவேன் என்கிறாள். சரணாகதி என்றால் கைகட்டிக் கிடப்பது என்று எண்ணுவோர் இந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும்!

அவன் மறுமொழி என்ன? தனக்கும் அவள் நினைவால் இரவில் உறக்கமில்லை என்றான்!

அவ்விடத்தில் அம்மையாரின் குரல் தழுதழுத்து நின்றது. அந்த மௌனத்தில் நான் கரைந்தேன். பாற்கடலில் அறிதுயில் கொள்பவனுக்கு உறக்கமில்லையாம்! ஒரு பெண்ணின் ஏக்கம் அனந்தசயனனை விழிக்க வைத்ததாம்! பரந்தாமா, நாங்கள் உன்னைத் தேடி விழித்திருந்ததாக எண்ணிய இரவுகளில் விழித்திருந்தவன் நீயோ! கேட்பவள் யார், சொல்பவள் யார், அழுபவள் யார்? பிரித்தறியும் திறன் எனக்கு அற்றுப்போயிற்று. கண்ணீர் மட்டும் தன்போக்கில் பெருகிற்று.

ஓரிரவில் தேர் பறந்தது. சைப்யம், சுக்ரீவம், மேகபுஷ்பம், வலாஹகம் என்னும் நாற்பரிகளின் குளம்பொலி என் நாடியில் அதிர்ந்தது. அங்கே அவள் இடக்கண் துடிக்கிறது. அந்தணர் முகத்தைப் பார்க்கிறாள். அம்முகமே செய்தி சொல்லிவிடுகிறது. அவருக்கு ஈடாகத் தருவதற்கு என்ன உண்டு? ஒன்றும் தோன்றவில்லை. வணங்கினாள். அம்மம்மா! செல்வத்துக்கெல்லாம் நாயகியான திருமகள், கொடுக்க ஒன்றுமின்றித் தலைதாழ்த்தினாள்!

பிறகு கண்ணன் அவளைத் தேரேற்றிச் சென்றதும், நடந்த போரும், தோற்ற ருக்மியின் முடி மழிக்கப்பட்டதும் என் காதில் சரியாக விழவில்லை. அவளுடைய தாழ்ந்த தலையிலேயே நான் தங்கிவிட்டேன். வர்தா நதிக்கரைக் கௌண்டின்யபுரமே அந்தக் குண்டினபுரம் என்பர். அவள் தொழுத அம்பிகை, தங்கள் ஊர் அம்பாதேவிதான் என்று மகாராஷ்டிரத்து அமராவதி மக்கள் சொல்வர். இருக்கட்டும், எல்லா ஊரும் அவள் ஊரே.

ஏழே நாள் ஆயுள் எஞ்சிய மன்னன் பரீட்சித்து, கண்ணன் கதையைக் கேட்டுத் தெவிட்டுவோர் உண்டோ என்று பாகவதம் சொன்ன சுகரிடம் வியந்தான். அன்பர்களே, பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் 52 முதல் 54 வரையிலான அத்தியாயங்களில் உள்ளது ருக்மிணி கதை. நீங்களே வாசித்துவிடாதீர்கள். யாரையேனும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.