எழுத்தாணி நின்ற இடம்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், வரலாறு படிப்பவர்களுக்குப் பல்லவர் செப்பேட்டால் தெரிந்த ஊர். வைணவர்களுக்குக் கூரத்தாழ்வானால் தெரிந்த ஊர். பெருஞ்செல்வத்தை உதறிவிட்டு ராமாநுஜரிடம் போய்ச் சேர்ந்தவர் அவர். போதாயன விருத்தி என்ற பழைய சுவடி கைக்கு வந்து பறிபோனபோது, அதை இரவுகளில் கண்விழித்துப் படித்து நெஞ்சில் ஏற்றி வைத்திருந்தவரும் ஆழ்வான்தான் என்கிறது வைணவ மரபு. பிறகு ராமாநுஜர் பிரம்ம சூத்திரத்துக்கான தன் உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல ஆழ்வான் எழுதினார். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. சொல்வது தனக்கு ஒப்பவில்லை என்றால் அவர் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும்.

ஒருநாள் நிறுத்தினார். உயிரின் இயல்பு அறிவுடைமை என்று ராமாநுஜர் சொல்லிக்கொண்டு போனார்; அந்த உயிர் இறைவனுக்கே உரியது என்பதைச் சொல்லாமல் விட்டார். எழுத்தாணி அசையவில்லை. கோபம் வந்த ஆசாரியர், அப்படியானால் பாஷ்யத்தை நீரே எழுதிக்கொள்ளும் என்று எழுந்துவிட்டாராம். பின்பு யோசித்துப் பார்த்து, சீடர் நின்ற இடமே சரி என்று கண்டு, திருத்திச் சொன்னார். காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் படித்தபோது ஆசிரியரோடு முரண்பட்டு வெளியேறியவர் ராமாநுஜர். அப்படிப்பட்டவர் தன் சீடருக்கு இந்த உரிமையைக் கொடுத்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

பிறருக்காகப் புத்தகம் எழுதும் கிறிஸ்தவ எழுத்தாளர், தன் வேலைக்கான இலக்கணத்தைக் கூரத்துக்காரரிடம் கற்றுக்கொள்ளலாம்.

தமிழ்ச் சபைகளில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. போதகர், ஊழியக்காரர், குடியை விட்டு மீண்டவர், சாகக் கிடந்து எழுந்தவர் எனப் பலரிடம் சொல்வதற்கு வாழ்க்கை இருக்கிறது, எழுத வருவதில்லை. எழுதத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதித் தருகிறார். வேதாகமத்திலேயே இவர்களுக்கு முன்னோர் உண்டு. எரேமியா சொல்ல பாருக்கு எழுதினார். யோயாக்கீம் அரசன் அந்தச் சுருளை அறுத்து நெருப்பில் போட்டபின், மறுபடியும் உட்கார்ந்து எழுதினார். பவுல் ரோமருக்குச் சொன்ன நிருபத்தை எழுதிய தெர்தியு, கடைசி அதிகாரத்தில் தன் பெயரைச் சொல்லியே வாழ்த்துகிறார். எழுதியவர் ஒளிந்துகொள்ளவில்லை, சொன்னவரும் அவரை ஒளிக்கவில்லை.

சிக்கல் வருவது நடுவில். மேசைமேல் செல்போன் பதிவு செய்துகொண்டிருக்கிறது. சாகக் கிடந்து எழுந்த ஒருவர் முதல் நாள் சொல்கிறார்: "ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம், ஆனா கஷ்டம்தான்னு டாக்டர் சொன்னாங்க." அடுத்த வாரம் அதே கதை வேறு மாதிரி வருகிறது: "டாக்டருங்க கைவிட்டுட்டாங்க." மூன்றாம் முறை ஆபரேஷனே கதையில் இல்லை, ஆறு மாதம் விழுங்கிய மாத்திரையும் இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிட முடியாது. கூட்டங்களில் பலமுறை சொன்ன சாட்சி, 'அல்லேலூயா' பலமாக எழுந்த பக்கமாகவே மெல்லச் சாய்ந்துவிடும். எழுத்தாளர் பேனாவை நிறுத்த வேண்டிய இடம் இதுதான். "ஐயா, டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்பது அவிசுவாசம் ஆகாது. அந்தப் பக்கத்தை வாசிக்கும் யாரோ ஒரு சர்க்கரை நோயாளி நாளைக்குத் தன் இன்சுலினை நிறுத்திவிடக்கூடும்.

இந்தப் பாரத்தை நன்றாக அறிந்திருந்த தமிழர் ஏ. ஜே. அப்பாசாமி. 1891-ல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயர். கிறிஸ்தவத் துறவி சாது சுந்தர்சிங் 1920-ல் இங்கிலாந்து வந்தபோது அப்பாசாமி ஆக்ஸ்போர்டில் ஆய்வு மாணவர். சாதுவோடு நெருங்கிப் பழகி, பேச்சைக் கேட்டு, இறையியல் அறிஞர் பி. ஹெச். ஸ்ட்ரீட்டருடன் சேர்ந்து அவர் எழுதிய 'தி சாது' 1921-ல் வெளிவந்தது. ஆங்கிலேய அறிஞரின் பெயரோடு தமிழ் மாணவரின் பெயரும் நூலாசிரியராகவே அச்சானது. மிஷனரிகளுக்கு உதவிய எத்தனையோ பண்டிதர்கள் முன்னுரையின் நன்றி வரிகளோடு நின்றுபோன காலம் அது. ஆகவே இது சின்ன விஷயமல்ல.

சில ஆண்டுகளிலேயே சாதுவின் கதைகள் மீது புயல் வீசியது. கைலாசத்து மகரிஷியைக் கண்டது, திபெத்தில் பாழுங்கிணற்றிலிருந்து தப்பியது போன்றவற்றை நம்புவதா? இயேசு சபைக் குரு ஹோஸ்டன் கேள்வி எழுப்பினார். ஸ்விட்சர்லாந்துப் போதகர் ஆஸ்கர் பிஃபிஸ்டர் 1926-ல் சாதுவைச் சாடிப் புத்தகமே எழுதினார். ஜெர்மனியில் பிரெடரிக் ஹைலர் சாதுவின் பக்கம் நின்றார். 1929-ல் திபெத்துக்குப் புறப்பட்ட சாது திரும்பி வரவேயில்லை. பதில் சொல்ல வேண்டியவர் இல்லாதபோது கேள்விகள் எழுதியவர்களிடம்தான் வந்து சேரும். அப்பாசாமி அதே வாழ்க்கையை மீண்டும் எடுத்து, 1958-ல் தனி வரலாறாக எழுதினார். முதல் நூலுக்கும் அதற்கும் நடுவே 37 ஆண்டுகள். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்க முயன்ற அவர் ராமாநுஜரை ஆழ்ந்து படித்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

பெயர் போடும் விஷயத்தைக் கௌரவப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. காஞ்சியில் கோர்வைப் புடவை நெய்யும்போது உடலை ஒருவர் நெய்ய, கரைக்கான நாடாவைப் பக்கத்தில் இன்னொருவர் போடுவார். முந்தியில் இருவர் பெயரும் இருக்காது. அதனால் வாங்குபவர் ஏமாறுவதில்லை, பட்டு பட்டுதான். சாட்சி நூலை வாங்குபவரோ சொன்னவரை நம்பித்தான் காசு கொடுக்கிறார். யார் சொன்னது, யார் எழுதியது என்று அறிய அவருக்கு உரிமை உண்டு. வீரமாமுனிவரின் தேம்பாவணியை அவருடைய தமிழாசிரியர் சுப்பிரதீபக் கவிராயர்தான் பாடிக்கொடுத்தார் என்ற பேச்சு வெகுகாலம் உலவியது. சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் செய்தவருக்கு அந்தச் சந்தேகம் நியாயமல்ல. தமிழாசிரியரின் பங்கு இவ்வளவு என்று அன்றே பதிந்திருந்தால் அந்தப் பேச்சு எழுந்தே இருக்காது. 1578-ல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' இதில் முன்மாதிரி. அதைத் தமிழாக்கிய பாதிரியார் அன்றிக்கு அன்றீக்கசின் பெயரோடு, உடனுழைத்த மனோயல் தெ சான் பேத்ரோவின் பெயரையும் அது மறைக்கவில்லை.

இன்று இப்படி எழுதித் தர ஒப்புக்கொள்பவர்கள் முன்பணம், பக்க அளவு, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் பேசிக்கொள்கிறார்கள். ஆழ்வானுக்குக் கிடைத்த நிபந்தனையை யாரும் பேசுவதில்லை. சரிபார்க்க முடியாத சம்பவத்தை எழுதாமல் விடும் உரிமை, தலைப்புப் பக்கத்தில் எழுதியவர் பெயர் என்ற இரண்டையும் முதல் பதிவுக்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். போதகர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வாங்க வேண்டும். பாதிப் புத்தகம் முடிந்தபிறகு கேட்டால், அது அவருடைய சாட்சியையே சந்தேகிப்பதாகப் படும்.