இன்மைக்கு ஓர் உரை

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி. எடை சுமார் 20 கிராம். அது மந்தப்பட்டுவிட்டதை ரத்தப் பரிசோதனை சொன்னது. களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல் எல்லாவற்றையும் டாக்டர் கேட்டார். ஒன்றைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு வருஷங்களாக எனக்குக் காம இச்சை இல்லை.

இச்சை இல்லை என்பது வெறும் தகவல். அதைத் தகவலாக நான் விட்டுவைக்கவில்லை என்பதுதான் பிரச்னை. நாற்பதைத் தாண்டியவனின் பக்குவம் என்று எடுத்துக்கொண்டேன். அந்நாட்களில் எழுதிய கவிதைகளில் ஒரு விலகல் தொனி வந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள், நானும் நம்பினேன். அதே காலத்தில் என் மனைவி வேறு வியாக்யானம் செய்துகொண்டிருந்தாள்: தன் உடம்பு தளர்ந்துவிட்டது, அல்லது வேறு யாரோ இருக்கிறாள். ஓர் இன்மைக்கு இரண்டு உரைகள். மூலத்திலோ அர்த்தமே இல்லை. சோம்பிய தைராய்டை விரட்ட மூளையிலிருந்து தூண்டல் கூடுகிறது. சிலரிடம் அந்த முடுக்கத்தில் புரோலாக்டினும் கூடி இச்சையை அமுக்குகிறது. இதில் பக்குவம் எங்கே, துரோகம் எங்கே?

பிளேட்டோவின் ‘குடியரசு’ தொடக்கத்தில் முதியவர் செபாலஸ் ஸோபோக்ளீஸைப் பற்றி ஒன்று சொல்கிறார். காமத்தைப் பற்றிக் கேட்டவனிடம், கொடிய எஜமானனிடமிருந்து தப்பிய அடிமையின் சந்தோஷம் தனக்கு என்றாராம் நாடகாசிரியர். தப்பியவனுக்கு அது விடுதலை. எஜமானன் தூங்கிப்போனதால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. காந்தி 1906இல் பிரம்மசரிய விரதம் எடுத்தார். அதன் பிறகும் அதோடு போராடியதை அவரே எழுதியிருக்கிறார். விரதத்தின் மதிப்பு அந்தப் போராட்டத்தில் இருக்கிறது. துறக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

பெருமை எனதில்லை என்றால் குற்றமும் எனதில்லை. தர்க்கம் சரிதான். கொஞ்சம் அதிகமாகவே சௌகரியமான தர்க்கம். அவள் பட்ட வேதனை இதனால் கழிந்துவிடுவதில்லை.

1891இல் ஜார்ஜ் மரே ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றி ஒரு பெண்ணை மீட்டார். 1914இல் கெண்டால் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். எனக்கு அது 100 மைக்ரோகிராம் மாத்திரை. வெறும் வயிற்றில், காப்பிக்கு முன்னால். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால் மறுபரிசோதனை ஆறு வாரம் கழித்துத்தான். எண் சரியாயிற்று. குரல் தெளிந்தது. இச்சையும் திரும்பியது, முழுதாக இல்லாவிட்டாலும்.

அப்போது வேறொரு சந்தேகம். மாத்திரை தந்த இச்சை என்னுடையதா? தைராக்ஸின் மூலக்கூறு ஒன்றில் நாலு அயோடின் அணுக்கள். உப்பிலிருந்தும் மீனிலிருந்தும் வந்த அயோடினைக் கொண்டு சுரப்பி செய்தால் சொந்தம், தொழிற்சாலை செய்தால் அந்நியம் என்ற பாகுபாடு எத்தனை தூரம் நிற்கும்? இச்சை எக்காலத்திலும் வந்து சேர்வதுதான். யாரும் அதைத் தீர்மானித்து உண்டாக்கிக்கொண்டதில்லை.

அப்படியானால் என்னுடையது என்று எதைச் சொல்வது? யோசித்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது: நான் பேசாமல் இருந்தது. காரணம் தெரியாத நிலையிலும், ‘எனக்கு இப்படி இருக்கிறது’ என்று அவளிடம் சொல்லியிருக்க முடியும். இந்த நோய் மனதையும் மந்தமாக்கும், பேச்சையும் இழுக்கும். ஆகவே என் மௌனத்திலும் சுரப்பிக்குப் பங்கு உண்டு என்று வாதிடலாம். எவ்வளவு பங்கு என்று அளக்கப் பரிசோதனை ஏதும் இல்லை. ஆனால் அதே இரண்டு வருஷங்களில் எனக்குக் கவிதை எழுத வார்த்தை கிடைத்தது. இந்த வாதத்தை இதற்குமேல் என்னால் கொண்டுசெல்ல முடியவில்லை.

அந்தக் கவிதைகளைக் கிழித்துப் போடவில்லை. அவை மோசமானவையும் அல்ல. ‘நான்’ என்று வரும் இடங்களில் மட்டும் இப்போது நின்றுவிடுகிறேன்.

பரிசோதனைத் தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்ன அன்று அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “இதை அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, நான் கண்ணாடி பார்க்கிறதை விட்டிருக்க மாட்டேன்.”