இடம் தருவது

சண்டிகர் அலுவலக நாற்காலி ஒன்று ஐரோப்பிய ஏலக் கூடத்துக்கு வரும்போது, பெரும்பாலும் அதன் பின்புறக் கட்டையில் வெள்ளை எழுத்துகள் இருக்கும். எந்தத் துறையைச் சேர்ந்தது, எத்தனையாவது நாற்காலி என்று இருப்புக் கணக்குக்காக எழுதி வைத்தவை. மற்றபடி தேக்குச் சட்டம், தலைகீழ் 'வி' போல விரிந்த கால்கள், பிரம்புப் பின்னல். அவ்வளவுதான்.

1950களில் சண்டிகர் என்ற புதுத் தலைநகரம் எழுந்தபோது இந்த வடிவத்தைக் கொண்டுவந்தவர், அந்த நகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியேயின் உறவுச் சகோதரர் பியர் ஜான்னரே. யூலி சௌத்ரி முதலிய இந்தியக் கட்டடக் கலைஞர்களும் உடனிருந்தார்கள். தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். பிரம்பு தொய்ந்து, கால் ஆடத் தொடங்கியதும் அவை மொட்டை மாடியிலும் வராந்தா மூலையிலும் குவிந்தன. உள்ளூர் ஏலத்தில் காயலான் கடைச் சரக்காகவே போயின. வாங்கிப்போன வெளிநாட்டு வணிகர்கள் பழுது பார்த்துப் பாரிஸிலும் லண்டனிலும் விற்றபோது விலை லட்சங்களுக்கு ஏறியது. 2011-இல் இவற்றை விற்கக் கூடாதென்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. அதற்குள் ஏராளமானவை கடல் கடந்துவிட்டன.

பழுது பார்ப்பதில் ஒரு வேடிக்கை. கைப்பிடியில் ஏறிய வியர்வைக் கறையைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்த பிரம்பைப் பிரித்துவிட்டுப் புதிதாகப் பின்னுகிறார்கள். வெள்ளை எழுத்தை மட்டும் தொடுவதில்லை. அசல் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வருஷக்கணக்கில் அதில் அமர்ந்து கோப்பு புரட்டியவரின் சுவடு வேண்டாம், பதிவேட்டு எண் வேண்டும். நம்மையும் உலகம் பல நேரம் இப்படித்தான் எடை போடுகிறது. நாமும் அந்த எண்ணையே 'நான்' என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். இந்த மூன்று குரலுக்கு நடுவே மரத்தில் ஓர் அணுவும் கூடவில்லை, குறையவில்லை. குப்பை என்றார்கள், கேட்டுக்கொண்டது. பொக்கிஷம் என்கிறார்கள், அதையும் கேட்டுக்கொள்கிறது. நமக்கு அது வராது. யாராவது கொஞ்சம் பாராட்டினால் இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை. பழித்தால் கேட்கவே வேண்டாம்.

பூஜையில் இறைவனை ஆவாகனம் செய்ததும் ஆசனம் சமர்ப்பிக்கிறோம். பழமும் பாலும் அப்புறம். வீட்டுக்கு வந்தவரிடமும் முதலில் 'உட்காருங்க' என்றுதான் சொல்கிறோம். வந்தவர் யார், என்ன சாதி, கடன் கேட்க வந்தாரா என்பதெல்லாம் பிறகு. இருக்கைக்கு தர்மம் என்று ஒன்று உண்டென்றால், அது இடம் தருவது. விலை ஏறிய நாற்காலியில் பெரும்பாலும் யாரும் உட்காருவதில்லை. சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

காலியாக இருப்பதே குறை என்றும் சொல்லிவிட முடியாது. ராமாயணத்தில், நந்திகிராமத்தில் பதினான்கு ஆண்டுகள் ஓர் ஆசனத்தில் ஆள் அமரவில்லை, ராமனின் பாதுகைகள்தான் இருந்தன. அந்த வெறுமைக்குள் ஒருவரின் வருகைக்கான இடம் இருந்தது. ஏலக் கூடத்து வெறுமையில் அது இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மனசும் அப்படித்தான். எண்ணங்களைத் துரத்திவிட்டு 'என் மனம் வெறுமையானது' என்று பெருமையோடு காவல் காத்தால், அங்கே தெய்வமே வந்தாலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

ஜான்னரே 1967-இல் ஜெனீவாவில் காலமானார். அவர் விருப்பப்படி அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. அவர் பெயருக்குத்தான் இன்று ஏலத்தில் விலை. இழைத்த தச்சர்களின் பெயரைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. ஆனால் கால்களின் சாய்வு பிசகாமல் நிற்பதில் அவர்கள் கை இருக்கிறது.

ஏலத்துக்குப் போகாமல் தப்பிய நாற்காலிகள் சண்டிகர் அலுவலகங்களில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மனு கொடுக்க வந்து கால் கடுத்த யாரோ ஒருவரால், விலை தெரியாமல், அவற்றில் ஒன்றில் சற்று உட்கார்ந்துகொள்ள முடிகிறது.